ஆறு பேர் சேர்ந்து ஒரு பதில்

சென்னைக்குப் பட்டு எடுக்கப் போகவில்லை என்று சொன்னால் மலேசியாவில், எங்கள் ஈப்போவில், ஒருவரும் நம்புவதில்லை. "போறது தியாகராய நகருக்கு, நடுவுல வேலைன்னு ஒரு சாக்கு" என்று என் நாத்தனார் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு மூன்று அளவு ரவிக்கைகளை என் பையில் திணித்தார். உண்மையில் வேலைதான். இருபது வருடமாகத் தாதியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களை ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு, அவர்களே பேசி முடிவுக்கு வரும்படி விடுகிற முறை எங்கள் கல்லூரியில் நன்றாக ஓடுகிறது. கூடவே, நோயாளியின் மனநிலையையும் தன் மனநிலையையும் கவனிக்கப் பழக்குவோம். இரண்டையும் ஐந்து நாளில் செய்துகாட்டச் சொல்லி அடையாறில் ஒரு நர்சிங் கல்லூரி கூப்பிட்டிருந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு மாடியறை எனக்கு. திங்கட்கிழமை காலை வீட்டுக்கார மாமி கதவைத் தட்டினார். "காபி ஆத்துலயே குடிச்சுடுங்கோ. டிபனுக்கு முக்குல மெஸ் இருக்கு, பாத்துண்டுடுங்கோ." காபி சின்ன டம்ளரில், நுரை ததும்ப வந்தது. எங்கள் ஊரில் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரிக் டீக் குவளையில் பாதிகூட இல்லை. ஆனால் குடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டேன். பரிமாறியவர் நான் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தபோதும் விரல் இடுக்கில் சாம்பாரை ஊற்றினார்.

சென்னையில் எங்கு பார்த்தாலும் மெட்ரோவுக்காகத் தோண்டியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் ஒவ்வொரு தகரத் தடுப்பையும் சுற்றிச் சுற்றிப் போனார். அடையாறு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நர்சிங் காலேஜ் என்று சொல்லித்தான் ஏறியிருந்தேன். நேரமாகிறதே என்ற எரிச்சலில் என் முகம் சுருங்கியிருந்திருக்கும். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாருக்கும்மா ஒடம்பு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "கவலப்படாதம்மா. எங்க மச்சானுக்கு இங்கதான் பாத்தோம். கேன்சர்னு சொன்னதும் வூடே ஒக்காந்து அழுதுச்சு. இப்ப சோக்கா கீறான், எங்கூட சண்ட போட்டுக்கினு."

அடையாறு, ஆஸ்பத்திரி என்ற இரண்டு சொல் போதும், இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே இடம்தான் நினைவுக்கு வருகிறது போலும். புற்றுநோய் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தி, என் பையைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார். நான் போகவேண்டிய இடம் இதில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு அன்பாகப் பேசிய மனிதரிடம் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு இறங்கி, அவர் ஆட்டோ மறையும்வரை நின்று, வெயிலில் நடந்து கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பது நிமிடம் தாமதம்.

என்னைக் கூப்பிட்ட ஆசிரியை பெயர் வசந்தா. நாற்பது வயதிருக்கும். கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பேச்சிலும் அந்த ஓட்டம் இருந்தது. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, உட்காருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை மேனேஜ்மென்ட்ல இருந்து வந்து பாக்குறாங்க மேடம். புடிக்கலன்னா பழையபடி லெக்சர்தான். இவ்ளோ அடம்புடிச்சு உங்களக் கூப்ட்டதுக்கு என்னை ஹாஸ்டலுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க, வார்டனா. அப்புறம் கிளாஸ் பக்கமே வரமுடியாது. குழம்புல பல்லி விழுந்துச்சா இல்லையான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீயை அவர் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியது. மூன்றாம் ஆண்டு மாணவிகள் முப்பத்தாறு பேர். நான் வாசல் பக்கம் போனாலே மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். இந்தக் கல்லூரியில் எல்லாமே ரோல் நம்பர் வரிசை. ஹாஸ்டல் அறை, வார்டு டியூட்டி, ஊசி போடும் முறை எல்லாம் அப்படித்தான். நான் கஷ்டப்பட்டுக் கலைத்துப்போட்டு ஆறு குழுவாக்கினேன். தேநீர் இடைவேளை முடிந்து வந்தபோது எல்லோரும் மறுபடி ரோல் நம்பர்படி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லையாம், தானாக அப்படி ஆகிவிட்டதாம்.

மனநிலை பற்றிய பாடத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். இந்த நிமிடம் நீங்கள் என்ன உணர்கிறீர்கள் என்று ஒரே சொல்லில் எழுதவேண்டும். ஈப்போவில் 'தூக்கம்' வரும், 'பயம்' வரும், ஒருமுறை ஒருவன் 'காதல்' என்று எழுதினான். இங்கே முப்பத்தைந்து சீட்டில் 'மகிழ்ச்சி' என்றிருந்தது. ஒன்றில் மட்டும் 'பசி'. யார் எழுதியது என்று கேட்டேன். நான்காம் குழுவில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாதி எழுந்தாள். பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்தில் மீனவர் குடும்பம் என்று வசந்தா பிறகு சொன்னார்.

இந்த முறையில் முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் எழுதவேண்டும். அதன்பிறகு அதே கேள்விக்கு ஆறு பேரும் பேசி ஒரு பதிலுக்கு வந்து, ஓர் அட்டையில் அந்தக் கட்டத்தைச் சுரண்டவேண்டும். முன்பு போனுக்கு ரீசார்ஜ் அட்டை சுரண்டினோமே, அதே மாதிரி. சரியென்றால் உள்ளே நட்சத்திரம் இருக்கும். அட்டைகளை ஈப்போவிலேயே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

நான்காம் குழுவில் அக்ஷயா என்ற பெண் இருந்தாள். வகுப்பில் முதல் மார்க். மற்ற ஐந்து பேரும் கேள்வியைப் படிக்கவில்லை, அக்ஷயாவின் முகத்தைப் படித்தார்கள். அவள் விரல் எங்கே போகிறதோ அங்கே சுரண்டல். ஒரு கேள்விக்கு அது தப்பாகப் போயிற்று. தனித்தனி விடைத்தாள்களைப் புரட்டினால், ஸ்டெல்லா மட்டும் அதைச் சரியாக எழுதியிருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா அவ ஃபீல் பண்ணுவா மேடம். மூணு வருசமா ஒரே ரூமு."

அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பது இவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துத் தெரியவேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது. ஆனாலும் நான் விடவில்லை. வகுப்பு முழுவதற்கும் பத்து நிமிடம் பேசினேன். தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது அன்பில்லை, நோயாளிக்கு அது ஆபத்து என்றேன். நன்றாகப் பேசினேன் என்று எனக்கே திருப்தி.

புதன்கிழமை கேன்டீனில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் அப்பளமும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு நெத்திலி இல்லாத சோறு என்னவோபோல் இருந்தது. வசந்தா தன் டப்பாவிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தார். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை நான்காம் குழு செய்துகாட்டட்டும் என்று முடிவு செய்தோம். அதுதான் மோசமான குழு, அதனால் மாற்றம் தெரியும் என்று நான் சொன்னேன். வசந்தா முகம் கொஞ்சம் வெளுத்தது, ஆனால் ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, வெள்ளிக்கிழமைக்கான நோயாளிக் கதையைச் சென்னைக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதினேன். ஈப்போவில் அது டீக்கடை அங்கிள். இங்கே மூன்றாம் படுக்கைப் பெரியவர். சர்க்கரை நோயாளி. காலையில் இன்சுலின் போட்டாகிவிட்டது, இட்லி பிடிக்கவில்லை என்று தட்டை ஒதுக்கிவிட்டார். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு பதில்களில் 'அ' சரி. அதாவது சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது. அட்டையில் நட்சத்திரம் அங்கேதான் இருந்தது. படித்துப் பார்த்தேன். உணர்ச்சி போதவில்லை. மகள் யாராவது பக்கத்தில் இருந்தால் மாணவிகள் அவளையும் கவனிப்பார்களே என்று நினைத்தேன். கீழே மாமி வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று அழுதாள். நல்லதாகப் போயிற்று என்று நானும் இரண்டு வரி சேர்த்தேன். 'மகள் உலுக்கிக் கூப்பிடுகிறாள். அவர் கண் திறக்கவில்லை, தொண்டையில் கரகரவென்ற சத்தம் மட்டும் வருகிறது. மகள் அழுகிறாள்.' அச்சடிக்கச் சொல்லி வசந்தாவுக்கு, பதிலோடு சேர்த்து, வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு மெஸ்ஸுக்குப் போய் ஆப்பம் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அரைநாள்தான் வகுப்பு. நாத்தனாரின் ரவிக்கைகளோடு தி. நகர் பஸ் ஏறினேன். பெண்கள் பக்கம் இடம் கிடைத்ததே பெரிய விஷயம். இரண்டு வரிசை முன்னால் அக்ஷயாவும் ஸ்டெல்லாவும். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அக்ஷயா கையில் நான்காக மடித்த தாள் இருந்தது.

"'நீ சொல்றத நான் மதிக்கிறேன். ஆனா எனக்கு வேற ஒரு கருத்து இருக்கு.' ரம்யா இதச் சொல்லும்போது 'ஆனா'க்கு முன்னாடி ஒரு கேப் விடணும், யோசிக்கிற மாதிரி" என்றாள் அக்ஷயா.

"எனக்கு ஒரே ஒரு டயலாக்கு. 'எனக்கும் அதுதான் சரின்னு தோணுது.' இதுக்கு இன்னாத்துக்குடி ரிகர்சலு?" என்றாள் ஸ்டெல்லா.

"நீதான் பேசாத பொண்ணு. நான் 'நீ என்ன நெனைக்கிற ஸ்டெல்லா'ன்னு கேக்கணும். அப்ப நீ பேசணும். மேடம் சந்தோஷப்படுவாங்க."

"அது கெடக்கட்டும், அந்தாளு கண்ணே தொறக்கலியே. வாயில எப்டிடி ஊத்துறது?"

"மலேசியா மேடம் போட்ட கேஸுடி. வசந்தா மேடம் வேலையே இதுல தொங்குது. சும்மா இரு."

"சரி, உடு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கேள்வியை முன்கூட்டியே கொடுத்து, கலந்துரையாடலை எழுதி, கருத்து வேறுபாட்டை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார் வசந்தா! உலகத்தில் இந்த முறை எத்தனையோ இடத்தில் தோற்றிருக்கலாம், இப்படி நெட்டுருப் போட்டு ஜெயித்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கோபத்தில் ஸ்டெல்லா கடைசியாகக் கேட்டது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

தி. நகரில் கூட்டம் நம்மை நடக்கவிடாது, தானே நகர்த்திக்கொண்டு போய்விடும். தையல்காரர் அளவு ரவிக்கைகளைப் பார்த்து, "சிலோனாம்மா?" என்றார். மலேசியா என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைக்குள் முடியாது, அஞ்சலில் அனுப்புகிறேன் என்றார். அதோடு நாத்தனார் வேலை முடிந்தது.

சாயங்காலம் வசந்தா போன் செய்தார். "எல்லாம் ரெடி மேடம். பசங்க நல்லாப் பேசுவாங்க பாருங்க." எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹாஸ்டல் ஞாபகம் வந்தது, அவர் தொடாத டீ ஞாபகம் வந்தது. "சந்தோஷம்" என்றேன். போனை வைத்த பிறகுதான், முப்பத்தாறாவது 'மகிழ்ச்சி'ச் சீட்டை நானே எழுதியதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திலிருந்து வந்தவர் தி. நகரில் நகைக்கடை நடத்தும் குடும்பத்துப் பெரியவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதிகம் பேசாதவர். முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஒரு கட்டில். அதில் மூன்றாம் படுக்கைப் பெரியவராக ஒரு பயிற்சிப் பொம்மை. பக்கத்தில் மேசை, டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். சுற்றி நான்காம் குழு.

பேச்சு அழகாகப் போயிற்று. ரம்யா 'ஆனா'வுக்கு முன்னால் இடைவெளி விட்டாள். ஒருத்தி அழும் மகளின் மனநிலையைப் பற்றிச் சொன்னாள், இன்னொருத்தி அவளுக்கு நாற்காலி போடவேண்டும் என்றாள். நகைக்கடைப் பெரியவர் மெல்லத் தலையாட்டினார். வசந்தா சுவரோரம், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

அக்ஷயா திரும்பினாள். "நீ என்ன நெனைக்கிற ஸ்டெல்லா?"

ஸ்டெல்லா பொம்மையைப் பார்த்தாள். "எனக்கு அப்டித் தோணல" என்றாள்.

இதற்கு யாரிடமும் வசனம் இல்லை. அக்ஷயா இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு, தாளில் அடுத்து இருந்ததைச் சொன்னாள். "ரொம்ப நன்றி ஸ்டெல்லா. அப்ப நாம எல்லாரும் ஒத்துக்கிட்டோம்." 'அ' கட்டத்தைச் சுரண்டினாள். நட்சத்திரம். அரங்கம் கைதட்டியது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு பொம்மையின் வாயருகே போனாள்.

"ஸ்டார் வந்தா இன்னா மேடம்?" என்றாள் ஸ்டெல்லா. குரல் உடைந்து, வகுப்பில் அடக்கிவைத்திருந்த பேச்செல்லாம் வெளியே வந்தது. "அவருதான் கண்ணே தொறக்கலன்னு எழுதிக்கீதே. தொண்டையில கரகரன்னு சத்தம். வாயில ஊத்துனா உள்ள பூந்து பொறையேறிப் பூடுவாரு. ஒருக்களிச்சுப் போட்டு, நரம்புல குளுக்கோஸ் ஏத்தணும்."

"ஸ்டெல்லா, ஒக்காரு" என்றார் வசந்தா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

நான் கையிலிருந்த தாளைப் படித்தேன். கண் திறக்கவில்லை. கரகரவென்ற சத்தம். என் கையால், ஒரு சீரியலைக் கேட்டுக்கொண்டு, உணர்ச்சிக்காகச் சேர்த்த இரண்டு வரி. நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் கொடுக்கக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். கதையை மாற்றினேன், பதிலை மாற்றவில்லை. வசந்தா கவனிக்கவில்லை, அச்சடித்தவர்கள் கவனிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அட்டையில் நட்சத்திரம் இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

முகம் சுட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'நல்ல கேள்வி, பிறகு பேசலாம்' என்று சமாளித்துவிடலாமா என்று யோசித்தேன். கைதட்டல் முடிந்துவிட்டது, நகைக்கடைப் பெரியவருக்குப் பிடித்துவிட்டது, வசந்தா தப்பித்துவிட்டார். எனக்கும் மரியாதையாக விமானம் ஏறலாம். இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அட்டை தப்பு" என்றேன் கடைசியில். "அந்தக் கேள்வியைப் போட்டது நான். தப்பு என்னுடையது. ஸ்டெல்லா சொன்னதுதான் சரி."

நகைக்கடைப் பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, வசந்தாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பேசினதும் நீங்க சொல்லிக்குடுத்ததாம்மா?"

வசந்தா முந்தானையை விட்டார். "இல்ல சார். மத்தவங்க பேசினது எல்லாம் நான் எழுதிக்குடுத்தேன். அவ பேசினது மட்டும் இல்ல."

பெரியவர் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "கடையில நான் எட போட்டா எதிர்த்துப் பேச ஒருத்தன் இல்ல. அதனாலயே ரெண்டு வாட்டி மாட்டிக்கிட்டேன்" என்றார். பிறகு கல்லூரி முதல்வரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாலைக்குள் வசந்தாவுக்கு இரண்டு தாள் வந்தன. கேள்வியை முன்கூட்டிக் கொடுத்ததற்கு மெமோ ஒன்று. இந்த வருடம் முழுக்க இதே முறையில் அவரே வகுப்பெடுக்கலாம் என்று இன்னொன்று. இரண்டையும் மடித்து ஒரே கைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றுதான் கேன்டீனில் டீயை முழுதாகக் குடித்தார். என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு, "அக்கா, இன்னொரு டீ?" என்றார்.

கிளம்பும்போது மரத்தடியில் ஸ்டெல்லாவும் அக்ஷயாவும் நின்றிருந்தார்கள். அக்ஷயா அழுதிருந்தாள். ஸ்டெல்லாவிடம், பஸ்ஸில் சரி விடு என்றாயே, மேடையில் ஏன் விடவில்லை என்று கேட்டேன். நான் பஸ்ஸில் இருந்ததைக் கேட்டு இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"ரிகர்சல்ல டம்ளர் இல்ல மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில், முந்தின நாள் மாலை வாங்கிவைத்த வழக்கமான கருத்துப் படிவங்களை எடுத்தேன். பயிற்சியாளரைப் பற்றி மாணவர்கள் பெயரில்லாமல் எழுதுவது. 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது', 'மேடம் அன்பாகப் பழகினார்கள்', மறுபடி மறுபடி அதே. படித்தபடி இட்லி தின்றேன். முப்பத்தோராவது படிவத்தில் எழுத்து சாய்வாக, பேனாவை அழுத்தி எழுதியதாக இருந்தது. இப்போதும் அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது.

'மேடம் தப்பை ஒத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் தப்பு என்று தெரிந்தபிறகு நாற்பது விநாடி பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். அதுவரை அக்ஷயா டம்ளரை மூன்றாம் படுக்கைப் பெரியவர் வாயருகில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் போய் அதை வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.'